துரையின் பைக்கைக் கழற்றிப் போட்ட கலங்கல்காரர்... ஜி.டி.நாயுடு காட்டிய 'கிளாசிக்' ஸ்டைல்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊத்துக்குளி ரோட்டில், மண்ணரைப் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். வாரம் முழுக்க பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்த பசங்க, அன்னிக்குத்தான் வண்டியைக் கழுவித் துடைச்சு வெளியே எடுப்பாங்க. வட்ட ஹெட்லைட், கண்ணீர்த்துளி மாதிரி டேங்க், பளபளன்னு க்ரோம் சைலன்சர். பழைய காலத்து வண்டி மாதிரியே புதுசா செஞ்ச ரெட்ரோ பைக்குகள். நீங்களும் அப்படி ஒரு வண்டிக்கு மாசாமாசம் இ.எம்.ஐ கட்டிட்டு இருக்கலாம்.

அந்த டிசைனின் பூர்வீகம் இங்கிலாந்து. ராயல் என்ஃபீல்டே ரெட்டிச் என்ற ஆங்கிலேய ஊரில் பிறந்து, 1955-ல் மெட்ராஸுக்கு வந்த கம்பெனிதான். வண்டி மட்டுமா? பிரவுன் லெதர் கிளவுஸ், நீளமான கோட், தட்டைத் தொப்பி, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ் என ரீல்ஸில் நாம பார்த்து ஏங்கும் 'ஜென்டில்மேன் லுக்' மொத்தமும் பிரிட்டிஷ்காரர்கள் மோட்டார் ஓட்டிய காலத்தில் உருவானது.

நூறு வருஷத்துக்கு முன்னாடி, நம்ம கொங்கு மண்ணில் ஒரு இளைஞருக்கும் இதே பிரிட்டிஷ் மோட்டார் மீது பைத்தியம் பிடித்தது. கையில் காசு இல்லை, படிப்பு இல்லை, இ.எம்.ஐ என்ற வசதியும் அப்போ இல்லை. ஆனாலும் அவர் அந்த வண்டியை வாங்கினார். வாங்கிய பிறகு அவர் செய்த காரியம்தான், அவரை நாம இன்னிக்கும் பேசக் காரணம்.

அவர் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. சுருக்கமாக, ஜி.டி.நாயுடு.

மூன்றாம் வகுப்பு வரை மட்டும்

1893 மார்ச் 23-ம் தேதி, சூலூர் பக்கம் இருக்கும் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். அப்போது திருப்பூர், சூலூர் எல்லாமே ஒரே கோயம்புத்தூர் மாவட்டம். அப்பா விவசாயி. சின்ன வயசிலேயே அம்மா இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் மீதே மண்ணை அள்ளிப் போட்ட பையன் என்று அவரைப் பற்றிக் கதை உண்டு. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதுக்கப்புறம் காடு, தோட்டம், கையில் கிடைத்த புத்தகங்கள். அவ்வளவுதான் அவருடைய உலகம்.

அந்த உலகத்துக்குள் ஒருநாள் சத்தம் போட்டுக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவர் வருவாய்த்துறையில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரி. வண்டி, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாரான ரட்ஜ். வழியில் வண்டி நின்றுபோக, மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து கொடுத்து உதவியது துரைசாமிதான் என்று சொல்வார்கள்.

நீங்க அந்த இடத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்க. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டுமே பார்த்த கண்ணுக்கு முன்னாடி, எதுவும் இழுக்காமல் தானே ஓடுகிற ஒரு வண்டி. ஊர் ஜனம் துரையை வேடிக்கை பார்த்திருக்கும். இவர் பார்த்தது இன்ஜினை.

சப்ளையர் வேலை பார்த்து வாங்கிய ரட்ஜ்

அந்த வண்டியை எப்படியாவது சொந்தமாக்கிவிட வேண்டும் என்று கிளம்பி கோவைக்குப் போனார். ஒரு ஹோட்டலில் சப்ளையர் வேலை. இலை எடுத்து, டேபிள் துடைத்து, சம்பளத்தைச் செலவு செய்யாமல் சேர்த்தார். மாசங்கள் இல்லை, வருஷங்கள் ஆனது. சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அதே அதிகாரியிடம் போய், அந்த ரட்ஜையே விலைக்கு வாங்கினார்.

இப்போ நாம என்ன செய்வோம்? வண்டி மேல சாய்ஞ்சு நின்னு ஒரு போட்டோ, அப்புறம் ஊட்டிக்கு ஒரு ரைடு. துரைசாமி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்பேனரைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போட்டார். ஒவ்வொன்றும் எதுக்கு, எது எதோடு பேசுகிறது என்று பார்த்தார். பிறகு திரும்ப மாட்டினார். வொர்க்‌ஷாப் மேனுவல் கிடையாது, யூடியூப் கிடையாது, சந்தேகம் கேட்க ஊரில் ஒரு மெக்கானிக்கூடக் கிடையாது.

ரட்ஜ் சாதாரண கம்பெனியும் இல்லை. பெல்ட் ஓடும் புல்லியின் அகலத்தை ஒரு லிவரால் கூட்டிக் குறைத்து, கியர் விகிதத்தை மாற்றும் 'ரட்ஜ் மல்டி' என்ற வண்டியை அந்தக் காலத்திலேயே கொண்டுவந்தவர்கள். 1914-ல் ஐல் ஆஃப் மேன் டி.டி பந்தயத்தில் ஜெயித்ததும் அந்த மாடல்தான். இன்னிக்கு உங்க வீட்டு ஸ்கூட்டரில் கியரே போடாமல் ஓட்டுறீங்களே, அதில் இருக்கும் பெல்ட் டிரைவின் அடிப்படையும் கிட்டத்தட்ட அதுதான்.

ஜென்டில்மேன் ஒருவர், மெக்கானிக் ஒருவர்

இந்த இடத்தில் வண்டியைக் கொஞ்சம் ஓரம் கட்டிவிட்டு இங்கிலாந்துக்குப் போய்ட்டு வருவோம். நாம ஆசைப்படும் அந்த ஸ்டைலுக்கும் ஒரு காரணம் இருந்தது.

ஆரம்ப காலக் கார்களுக்குக் கூரை கிடையாது, பல கார்களுக்கு முன் கண்ணாடியும் கிடையாது. தார் போடாத ரோட்டில் போனால் தலை முதல் கால் வரை புழுதி. அதனால்தான் முழு உடம்பையும் மூடும் கோட், கண்ணுக்கு காகிள்ஸ், காற்றில் பறக்காத தொப்பி. குளிரில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க லெதர் கிளவுஸ். கார் டேஷ்போர்டில் இருக்கும் பெட்டிக்கு இன்னமும் 'கிளவ் பாக்ஸ்' என்றுதானே பெயர்? அதில் நாம ஆர்.சி புக்கையும் டிஷ்யூ பேப்பரையும் வைக்கிறோம். அது பிறந்தது கிளவுஸ் வைக்க.

பிரிட்டிஷ் கனவான்களின் அடையாளமான ரோல்ஸ் ராய்ஸையே எடுத்துக்குங்க. சார்லஸ் ரோல்ஸ் பிரபு குடும்பத்துப் பிள்ளை. ஹென்றி ராய்ஸ் ஏழை வீட்டுப் பையன். சின்ன வயசில் பேப்பர் விற்றவர், ரயில்வே பட்டறையில் அப்ரெண்டிஸாக இருந்தவர், பள்ளிப் படிப்பு சொற்பம். தான் வாங்கிய பிரெஞ்சுக் கார் திருப்தி தராததால், அதை அக்கக்காக ஆராய்ந்து, அதைவிட நல்ல காரைத் தானே செய்தார். 1904-ல் மான்செஸ்டரில் ஒரு ஹோட்டலில் இருவரும் சந்தித்துக் கை குலுக்கினார்கள். உலகமே கொண்டாடும் ஜென்டில்மேன் காரின் பாதிப் பெயர் ஒரு மெக்கானிக்குடையது.

ராய்ஸ் காரைப் பிரித்த கொஞ்ச வருஷத்தில், கலங்கலில் ஒருவர் ரட்ஜைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. செய்த வேலை ஒன்று.

திருப்பூரில் லாபம், பம்பாயில் நஷ்டம்

ரட்ஜ் கற்றுக்கொடுத்த மெக்கானிக் வேலையோடு நாயுடு வந்து நின்ற ஊர் நம்ம திருப்பூர். பனியன் வருவதற்கு முன்னால் திருப்பூர் என்றால் பருத்திதான். முதல் உலகப்போர் காலத்தில் இங்கே ஒரு ஜின்னிங் ஃபேக்டரி நடத்தினார். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கும் தொழில். போர்க்காலத்தில் பஞ்சுக்குக் கிராக்கி, கையில் பணம் புரண்டது.

அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு பெரிய ஆட்டம் ஆட பம்பாய்க்குப் போனார். பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். சம்பாதித்ததை அங்கே இழந்து ஊர் திரும்பினார். ஆர்டர் கேன்சல் ஆகி, நூல் விலை ஏறி, ஒரே சீசனில் எல்லாம் கவிழ்ந்த கதைகளைத் திருப்பூரில் நீங்க நிறையக் கேட்டிருப்பீங்க. அந்த வலியை அவரும் பார்த்தவர்தான். கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது.

பொள்ளாச்சி டு பழனி: ஓனரே டிரைவர்

கோவையின் பழைய தொழிலதிபர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்குக் கைகொடுத்தார். கோவையில் ஸ்டேன்ஸ் பள்ளியைத் தொடங்கியவரும் இவர்தான். அவருடைய உதவியோடு 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு சர்வீஸ். ஓட்டியது அவரேதான்.

உடுமலை வழியாகச் சுமார் 65 கிலோமீட்டர் போகும் பாதை அது. முருகனைப் பார்க்க ஜனங்கள் நடந்தும், மாட்டு வண்டி கட்டியும் போய்க்கொண்டிருந்த வழி. துரைகளின் பொழுதுபோக்காக ஊருக்குள் வந்த மோட்டாரில், பஞ்சாமிர்த டப்பாவோடு பாட்டிமார்கள் ஏறி உட்கார்ந்த காலம் இப்படித்தான் தொடங்கியது.

ஒரு பஸ் பல பஸ் ஆனது. 'யுனைவர்சல் மோட்டார் சர்வீஸ்', சுருக்கமாக யு.எம்.எஸ். 1933 வாக்கில் அவரிடம் 280 பஸ்கள் இருந்தன. எண்ணிக்கையை விடுங்க, அந்த பஸ்களுக்கு இருந்த பெயர் வேறு. சொன்ன நேரத்துக்குக் கிளம்பும், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரும். பயணிகள் காத்திருக்க முறையான பஸ் நிலையம், டிக்கெட் கொடுக்க மெஷின் என்று ஒவ்வொன்றாக யோசித்தார். பழுதானால் வெளியே அனுப்பாமல், சொந்தப் பட்டறையிலேயே வேலை நடந்தது.

ஜென்டில்மேன் என்றால் நமக்கு கோட்டும் டையும் ஞாபகத்துக்கு வருது. அடுத்தவரைக் காக்க வைக்காமல் இருப்பதும் அந்தப் பண்பில் சேர்ந்ததுதான். நாயுடு அதை ஒரு பஸ் கம்பெனியின் டைம்டேபிளாக மாற்றிக் காட்டினார். அவர் ஆடம்பர உடைக்குப் பெயர் வாங்கியவர் இல்லை, எளிமைக்குத்தான் பெயர் வாங்கினார்.

கோவைக்காரர் செய்த ரேசர்

1930-களில் ஐரோப்பா கிளம்பினார். கையில் கேமரா. 1936 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் லண்டனில் நடந்தபோது, அதைப் படம் பிடித்தவர்களில் நம்ம கலங்கல்காரரும் ஒருவர். ஹிட்லரையும் காந்தியையும் நேருவையும் அவர் கேமரா பார்த்திருக்கிறது.

ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு ஷாப்பிங் பையோடு திரும்பியவர் இல்லை இவர். தினமும் காலையில் முகம் மழிப்பது அந்தக் காலத்து கனவான் வாழ்க்கையின் முதல் கடமை. சோப்பு நுரை, பிரஷ், கத்தி, கூடவே ரெண்டு வெட்டுக்காயம். அந்த வேலைக்கு பேட்டரியில் ஓடும் ஒரு குட்டி மோட்டார் வைத்த ரேசரை நாயுடு உருவாக்கினார். பெயர் 'ரசன்ட்'. ஜெர்மனியில் தயாராகி வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. மிக மெல்லிய ஷேவிங் பிளேடும் செய்தார். இன்னிக்கு ட்ரிம்மர் இல்லாமல் உங்க பாத்ரூம் ஷெல்ஃப் இருக்குமா? ஐரோப்பிய கனவான்களின் முகத்துக்கு, கோவைக்காரர் ஒருவர் அப்போதே ரேசர் செய்திருக்கிறார்.

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைக் கொண்டுவந்தார். பாலசுந்தரம் நாயுடுதான் பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கியவர். கோவையைச் சுற்றி மோட்டாரும் பம்ப்செட்டும் செய்யும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு முளைத்ததற்குப் பின்னால் அந்த முதல் மோட்டார் இருக்கிறது. உங்க தாத்தா கிணத்தில் ஓடிய மோட்டாருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோ ஒன்றை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ என்பது பங்களாக்களில் மட்டும் பாடிய காலம். பஸ்ஸில் செய்ததையே ரேடியோவிலும் செய்யப் பார்த்தார். பணக்காரர் வீட்டுப் பொருளைப் பிரித்துப் பார்த்து, எல்லாரும் வாங்கும் விலைக்குக் கொண்டுவருவது. அவருடைய வாழ்க்கை முழுக்க இந்த ஒரே வேலைதான் திரும்பத் திரும்ப நடந்தது.

2,000 ரூபாய் கார்

இந்தக் கதையில் மனசு கனக்கும் இடம் இனிதான் வருகிறது.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் ஒரு பெட்ரோல் கார் தயார் செய்தார். விலை 2,000 ரூபாய். ரட்ஜில் தொடங்கி நாற்பது வருஷம் கழித்து அவர் வந்து சேர்ந்த இடம் இது. காரைத் தொழிற்சாலையில் தயாரிக்க அரசின் லைசென்ஸ் வேண்டும். யார் எதை எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை அரசே முடிவு செய்யும் சட்டம் 1951-ல்தான் வந்திருந்தது. நாயுடுவுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது.

அதே 1950-களில் இந்திய ரோடுகளில் ஓடியவை என்ன தெரியுமா? மெட்ராஸில் பிரிட்டிஷ் டிசைனில் ஸ்டாண்டர்டு கார்கள் தயாராயின. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, அம்பாசடர் என்ற பெயரில் நம்ம ஊர் காராகி 2014 வரை தயாரிப்பில் இருந்தது. நாமளும் அம்பாசடரை பாசத்தோடுதான் நினைக்கிறோம், அதில் தப்பில்லை. ஆனால் வெள்ளைக்காரர் போட்ட டிசைனுக்குக் கிடைத்த ரோடு, கலங்கல்காரர் போட்ட டிசைனுக்குக் கிடைக்கவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு மலிவான கார் என்ற பேச்சு, 2008-ல் டாடா நானோ வந்தபோதும் நாடு முழுக்கக் கேட்டது.

கட்டுப்பாடுகளும் கடும் வரியும் சேர்ந்து அவரைக் கசப்பாக்கின. வரிக் கொள்கையை எதிர்த்து, தான் உருவாக்கிய பொருட்களைப் பொது இடத்தில் தானே உடைத்துக் காட்டினார். சரியா தப்பா என்று இன்னிக்கும் வாதம் பண்ணலாம். சப்ளையர் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு பைக்கை வாங்கி, அதைச் சேதம் இல்லாமல் கழற்றி மாட்டிய அதே கைகள் அவை. அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

நீங்க தினமும் கடக்கும் அவரோட பாதை

திருப்பூரிலிருந்து கோவைக்கு பஸ்ஸில் போகும்போது, அவிநாசி ரோட்டில் 'ஹோப் காலேஜ்... ஹோப் காலேஜ்' என்று கண்டக்டர் சத்தம் கொடுப்பாரே, அந்தப் பெயருக்குப் பின்னாலும் நாயுடு இருக்கிறார். 1945-ல், அப்போதைய மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. தொடங்க உதவியதோடு, முதல்வராகவும் இருந்தார் மூன்றாம் வகுப்பு படித்த நாயுடு. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அதுதான்.

அங்கேயும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. பொறியியல் படிப்புக்கு நான்கு வருஷம் எதுக்கு, பாதிக் காலத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடலாமே என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிவிட்டார். பிறகு தன் வழியில் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தினார். புத்தகத்துக்கு முன்னால் ஸ்பேனரைப் பிடித்தவர் வேறு எப்படி யோசிப்பார்?

1974 ஜனவரி 4-ம் தேதி, 80 வயதில் இறந்தார். இந்தியாவின் எடிசன் என்று பட்டம் கொடுத்தார்கள். ரட்ஜ் கம்பெனியோ அதுக்கு முன்னாடியே, இரண்டாம் உலகப்போர் காலத்திலேயே மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டது. இன்னிக்கு இங்கிலாந்திலும் அது மியூசியத்திலும் கலெக்டர்களின் ஷெட்டிலும் மட்டும்தான் இருக்கிறது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் நம்மை ஏன் இன்னும் இழுக்குது என்று யோசித்தால், ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியும். அந்த வண்டிகளில் இன்ஜின் வெளியே தெரியும்படி இருக்கும். எது எங்கே ஓடுது என்று பார்க்கலாம், தொடலாம், கழற்றலாம். இப்போதைய வண்டிகளில் எல்லாத்தையும் பிளாஸ்டிக்கும் சென்சாரும் மூடிவிட்டன. நாம வெளித்தோற்றத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பதை சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிட்டோம்.

உடனே போய் இன்ஜினைப் பிரிச்சுடாதீங்க, வாரன்டி போய்டும்! ஆனால் செயினுக்கு ஆயில் விடுவது, டயரில் காற்றைப் பார்ப்பது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைப்பது, வண்டியோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலை ஒருதடவை முழுசாப் படிப்பது... இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடியும். அதுக்கு லெதர் ஜாக்கெட் தேவையில்லை, பழைய பனியன் துணி ஒண்ணு போதும். திருப்பூரில் அதுக்கா பஞ்சம்?

அப்படியே ஒரு லீவு நாளில் அவிநாசி ரோட்டில் கோவைக்கு ஒரு ரைடு போங்க. நாயுடுவின் மகன் ஜி.டி.கோபால் சேர்த்த பழைய கார்கள், 2015-ல் திறந்த ஜி.டி கார் மியூசியத்தில் நிற்கின்றன. ரோல்ஸ் ராய்ஸும் அதில் உண்டு. பளபளப்பை போட்டோ எடுத்து முடிச்சதும், கொஞ்சம் குனிந்து வண்டிக்கு அடியிலும் பாருங்க. நாயுடு முதலில் அங்கேதான் பார்த்திருப்பார்.